உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி: மெலனோமா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலனோமா என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் முதுகும் தோளும்தான் படங்களில் வரும். வெயிலில் படுத்துக் கிடக்காதே, சன்ஸ்க்ரீன் பூசு என்ற அறிவுரையும் கூடவே வரும். நம்மவர்களுக்கு இந்த நோய் வருகிற இடங்கள் வேறு. உள்ளங்கால், குதிகால், கட்டைவிரல் நகம், சில சமயம் வாய்க்குள், மூக்குக்குள், ஆசனவாயில். யாரும் அங்கே பார்ப்பதில்லை, பார்த்தாலும் புற்றுநோய் என்று நினைப்பதில்லை. அதனாலேயே நம்மிடம் தாமதமாகப் பிடிபடுகிறது. கீழே உள்ள கேள்வி பதில்கள் அந்த இடங்களை மனதில் வைத்து எழுதியவை.

மெலனோமா என்றால் என்ன?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிப்பவை மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் மெலனோசைட் செல்கள். கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. இந்தச் செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகினால் அது மெலனோமா.

தோலில் வரும் மற்றப் புற்றுநோய்களைவிட இது அரிது, ஆனால் ஆபத்து அதிகம். மேல்தோலில் ரத்தக் குழாய்கள் கிடையாது. நோய் அந்த மெல்லிய அடுக்குக்குள் இருக்கும்வரை வேறெங்கும் போக வழியில்லை. வெட்டி எடுத்தால் முடிந்தது. கீழ் அடுக்கில் இறங்கிவிட்டால் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் கிடைத்துவிடும். அங்கிருந்து அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் உள்ள நெறிகளுக்கும் (நிணநீர்க் கணுக்கள்), நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு என்றும் பரவலாம். எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவர்கள் பார்ப்பது இதனால்தான். மில்லிமீட்டரில் ஒரு பங்குகூட இங்கே கணக்கு.

கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு வராது என்கிறார்களே?

பாதி உண்மை. மெலனின் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதனால் வெயிலால் வரும் மெலனோமா நம்மிடம் குறைவு. உலகிலேயே அதிகம் பாதிக்கப்படுவது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது.

ஆனால் வெயிலோடு சம்பந்தமே இல்லாத ஒரு வகை இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருவது. மருத்துவர்கள் அதை ஏக்ரல் மெலனோமா என்பார்கள். இது எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வருகிறது. மற்ற வகைகள் நம்மிடம் அரிது என்பதால், நமக்கு வரும் மெலனோமாக்களில் இதன் பங்கு பெரிதாகிவிடுகிறது. காரணம் இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. உள்ளங்காலில் உடல் எடை அழுந்தும் இடங்களில், அதாவது குதிகாலிலும் விரல்களுக்கு அடியில் உள்ள மேட்டிலும், கூடுதலாக வருவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் இதுதான். வலது கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இருந்த கோளாறு கால்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே முதலில் நினைக்கப்பட்டது. மெலனோமா என்று 1977-இல் தெரிந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. நகத்தடியை மட்டும் அகற்றினார்கள். பிறகு நோய் மூளை வரை பரவி, 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தார். வயது 36.

எப்படிப்பட்ட புள்ளியைக் கண்டால் காட்ட வேண்டும்?

மச்சத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஐந்து அடையாளங்கள் உண்டு. இரு பாதியும் ஒன்றுபோல் இல்லாமல் கோணலாக இருப்பது, ஓரம் தெளிவில்லாமல் சிதறியிருப்பது, ஒரே புள்ளிக்குள் பழுப்பு, கறுப்பு, சாம்பல் எனப் பல நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாறிக்கொண்டே இருப்பது. இவற்றில் கடைசியானதுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஐம்பது வயதில் உள்ளங்காலில் புதிதாக ஒரு கருந்திட்டு வந்து ஆறு மாதத்தில் பெரிதானால், வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்டியாக வேண்டும்.

காலில் வேறு சிலவும் பார்க்க வேண்டும். ஆறாத புண், அதன் ஓரத்தில் கறுப்புச் சாயம் படிந்ததுபோல் இருப்பது, அடிக்கடி ரத்தம் கசியும் சதை வளர்த்தி. சில மெலனோமாக்களில் நிறமியே இருக்காது. இளஞ்சிவப்பாக, சதைக்கட்டி மாதிரி இருக்கும். இவைதான் அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றுகின்றன.

அதேசமயம் ஒன்று சொல்லிவிட வேண்டும். கறுப்பான நம் கால்களில் பழுப்புத் திட்டுகளும் சிறு மச்சங்களும் சாதாரணம். பல வருடமாக அப்படியே இருக்கும் மச்சத்தைக் கண்டு இன்று பயப்பட வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. மூன்று மாதம் கழித்து ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தோல் மருத்துவர் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். அதில் என்ன தெரியும்?

டெர்மோஸ்கோப். வெளிச்சமுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி. உள்ளங்காலில் இதன் உபயோகம் மிகவும் அதிகம்.

உங்கள் கைவிரல் ரேகையைப் பாருங்கள். மேடும் பள்ளமும் மாறி மாறி, உழுத வயல் மாதிரி இணைகோடுகளாக ஓடும். உள்ளங்காலிலும் அப்படித்தான். சாதாரண மச்சம் என்றால் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் மெல்லிய கோடாக நிற்கும். ஆரம்ப நிலை மெலனோமா என்றால் நிறம் மேடுகளில் பட்டையாகப் படியும். அந்த மேடுகளின் நடுவே வரிசையாகச் சிறு வெண்புள்ளிகள் தெரியும். அவை வியர்வைத் துளைகள். ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்து எழுதிய வேறுபாடு இது. உள்ளங்கால் மச்சத்தைப் பார்க்கும் தோல் மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் இன்று இதைத்தான் தேடுகிறார்கள். நோயை உறுதிசெய்வது சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் என்றாலும், யாருக்குப் பயாப்சி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை இந்த இரண்டு நிமிடப் பார்வை பெரும்பாலும் சொல்லிவிடும்.

நகத்தில் கறுப்புக் கோடு இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் என்றால் பெரும்பாலும் வேண்டாம். கறுப்பான தோல் உள்ளவர்களுக்கு வயது ஏற ஏற இப்படி வருவது இயல்பு.

ஒரே ஒரு விரலில், அதுவும் கைக் கட்டைவிரலிலோ கால் கட்டைவிரலிலோ, நடுவயதுக்கு மேல் புதிதாகத் தோன்றிய கோடு என்றால் காட்டுங்கள். கோடு 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாவது, நகத்தின் அடியில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருப்பது, நகம் பிளப்பது, எல்லாவற்றையும்விட அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் படர்வது, இவை காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்.

கதவில் நசுங்கி ரத்தம் கட்டியதா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். அடியில் வெள்ளை நகம் முளைத்து வரும். கைவிரல் நகம் முழுதாக மாற ஏறக்குறைய ஆறு மாதம், கால் கட்டைவிரலுக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். நகராமல் அதே இடத்தில் நின்றால் அது ரத்தக்கட்டு இல்லை.

நகத்தடி மெலனோமா வீங்கிச் சீழ் வடிந்தால் நகச்சுத்தி மாதிரியே இருக்கும். எலுமிச்சம்பழத்தைச் செருகி ஒரு வாரம் பார்ப்பார்கள், அப்புறம் ஆன்டிபயாடிக், அப்புறம் நகத்தைப் பிடுங்குவது. பிடுங்கிய நகத்தடியிலிருந்து ஒரு துண்டு பயாப்சிக்குப் போகாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. நகச்சுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆறவில்லை என்றால் பயாப்சி பற்றி நீங்களே கேளுங்கள். நெயில் பாலிஷும் மருதாணியும் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போகாதீர்கள்.

காலில் இருப்பது ஆணி என்றார்கள். இரண்டு தடவை வெட்டியும் திரும்ப வருகிறதே?

ஆணி, மரு, சர்க்கரைப் புண், முள் குத்திய காயம். காலில் உள்ள மெலனோமாவுக்கு நம் ஊரில் முதலில் கிடைக்கும் பெயர்கள் இவைதான். வீட்டில் பிளேடால் சீவுகிறார்கள், கார்ன் கேப் ஒட்டுகிறார்கள், எருக்கம்பால் விடுகிறார்கள். எருக்கம்பால் தோலைப் பொசுக்கும். மேலே பொசுங்கியதும் கறுப்பு மறைந்து புண் மட்டும் தெரியும். அப்புறம் பார்க்கிற மருத்துவருக்கும் அது ஏதோ ஒரு புண்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் சிக்கல். கால் மரத்திருக்கும், வலி தெரியாது. ஆறாத புண் என்றதுமே எல்லோரும் சர்க்கரை மேல் பழியைப் போட்டுக் கட்டு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, செருப்பும் மாற்றியாகிவிட்டது, இருந்தும் ஆறு வாரத்தில் புண் சுருங்கவில்லையா? ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது மருத்துவரைக் குறை சொல்வது ஆகாது.

உடம்பில் வேறு எங்கெல்லாம் வரும்?

மேலண்ணத்திலும் ஈறிலும் கருந்திட்டாக வரலாம். நமக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருப்பது உண்டு. அது இருபுறமும் சமமாக, பல காலமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக, தடித்து, பரவிக்கொண்டு வருவதுதான் சந்தேகத்துக்குரியது. மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் ரத்தமும் தொடர்ந்து வந்தாலும் காட்ட வேண்டும்.

ஆசனவாயில் வந்தால் ரத்தப்போக்கும் சதை தள்ளுவதும்தான் அறிகுறி. எல்லோரும் மூலம் என்றே நினைப்பார்கள். கூச்சத்தில் பரிசோதனைக்குப் போகாமல் மூலத்துக்கு லேகியம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு வருடம் ஓட்டிவிடுபவர்கள் உண்டு. பெண்களின் பிறப்புறுப்பில் வந்தாலும் இதே கதை. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், அரிப்போடு கருந்திட்டு தெரிந்தால், அம்மாவையோ பாட்டியையோ மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கண்ணுக்குள்ளும் வரும். அது தனி நோய் என்றே சொல்லலாம். பரவினால் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகும், அதன் சிகிச்சையும் வேறு.

பயாப்சி எடுத்தால், கத்தி பட்டால், பரவிவிடும் என்கிறார்களே?

இல்லை. ஊரில் இதைவிட அதிகம் கேடு செய்த நம்பிக்கை வேறு இருக்குமா என்று தெரியவில்லை. முறையாக எடுக்கும் பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை. பயாப்சிக்குப் பயந்து தள்ளிப்போட்ட மாதங்களில்தான் அது ஆழமாகிறது. "கத்தி வைத்த பிறகுதான் முற்றியது" என்று சொல்லப்படும் பலருக்கு, கத்தி வைக்கும்போதே முற்றியிருந்தது.

எப்படி எடுக்கிறார்கள் என்பது முக்கியம். சிறியதாக இருந்தால் சுற்றி 1 முதல் 3 மில்லிமீட்டர் ஓரத்தோடு முழுதாக எடுப்பது நல்லது. உள்ளங்காலில் பெரிதாக இருந்தால் மிகத் தடித்த இடத்திலிருந்து துண்டு எடுப்பார்கள். மேலாகச் சீவி எடுத்தால் ஆழம் தெரியாமல் போய்விடும். எடுத்த சதையைக் குப்பையில் போடவே கூடாது. அழகுக்காக எடுக்கும் மச்சத்தையும் லேசரில் எரிப்பதற்குப் பதிலாக வெட்டிச் சோதனைக்கு அனுப்புவதே பாதுகாப்பு.

பயாப்சி ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பிரெஸ்லோ ஆழம் என்று ஒரு எண் இருக்கும். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் சொன்ன அளவு. மேல்தோலின் உச்சியிலிருந்து நோய் செல்கள் இறங்கியிருக்கும் கடைசி இடம் வரை மைக்ராஸ்கோப்பில் அளப்பது. 1 மில்லிமீட்டர் வரை ஒரு படி, 2 வரை அடுத்தது, 4 வரை அதற்கடுத்தது, 4-க்கு மேல் கடைசி.

அடுத்து, மேற்பரப்பு புண்ணாகியிருக்கிறதா என்ற வரி. அதே ஆழத்திலும் புண்ணாகியிருந்தால் ஆபத்து ஒரு படி கூடும். பிறகு, வெட்டிய ஓரங்களில் நோய் இருக்கிறதா என்பது. இந்த மூன்றும் ரிப்போர்ட்டில் இல்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். சதை பதித்த மெழுகுக் கட்டியை, பிளாக் என்பார்கள், லேபிலிருந்து வாங்கி மெலனோமாவில் பழக்கமுள்ள வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். அது உங்கள் உரிமை. ஜீன் சோதனைக்கும் அந்தப் பிளாக்தான் தேவைப்படும். தொலைத்துவிடாதீர்கள்.

எந்த ஸ்டேஜ் என்பது எப்படி முடிவாகிறது?

மேல்தோலோடு நின்றால் ஸ்டேஜ் பூஜ்யம். தோலில் மட்டும் என்றால் ஆழத்தையும் புண்ணையும் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு. பக்கத்து நெறிக்கோ, புள்ளிக்கும் நெறிக்கும் இடைப்பட்ட தோலுக்கோ வந்திருந்தால் மூன்று. தொலைவில் உள்ள உறுப்புக்குப் போயிருந்தால் நான்கு. மெல்லிய, ஆரம்ப நிலை நோய்க்கு உடம்பு முழுக்க ஸ்கேன் வேண்டியதில்லை. மூன்றாம் நிலையிலிருந்து பெட் (PET) ஸ்கேனும் மூளைக்கு எம்ஆர்ஐயும் கேட்பார்கள்.

ஆபரேஷனில் காலையே எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பயத்தில்தான் பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதே இல்லை.

பயாப்சி எடுத்த இடத்தைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். 1 மில்லிமீட்டர் வரை ஆழம் என்றால் சுற்றி 1 சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர். இடைப்பட்டதுக்கு 1 முதல் 2. ஒரு காலத்தில் 5 சென்டிமீட்டர் வரை வெட்டினார்கள். அதனால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று ஆய்வுகள் காட்டியதும் குறைத்துக்கொண்டார்கள்.

குதிகாலில் இப்படி எடுத்தால் பள்ளம் விழும். உடல் எடையைத் தாங்க வேண்டிய இடம் என்பதால் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோல் அங்கே நிற்பது கஷ்டம். பாதத்தின் நடுவளைவில், தரையில் படாத பகுதியிலிருந்து, தடித்த தோலை ரத்தக் குழாயோடு நகர்த்திக் குதிகாலில் பொருத்துவது பிளாஸ்டிக் சர்ஜன்களின் வழக்கமான வேலை. சில வாரம் கால் ஊன்றாமல் இருந்து, பிறகு மெத்தென்ற செருப்போடு நடக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே பிளாஸ்டிக் சர்ஜன் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நகத்தடியில் ஆழமாக வந்திருந்தால் விரலின் ஒரு கணுவையோ விரலையோ எடுக்க நேரலாம். மேலோட்டமாக இருந்தால் நகத்தடியை மட்டும் அகற்றி விரலைக் காப்பாற்ற முடியும். விரல் போவது பெரிய விஷயம்தான். அதில் தயங்கி மாதங்களைக் கழிப்பது அதைவிடப் பெரிய இழப்பில் முடியலாம்.

தொடை இடுக்கில் நெறி இருக்கிறதா என்று ஏன் பார்க்கிறார்கள்?

காலில் உள்ள மெலனோமா முதலில் போகும் ஊர் அது. கையில் வந்தால் அக்குள். நெறி கட்டியது கைக்குத் தெரிந்தால் ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பார்கள்.

தெரியாமலும் உள்ளே இருக்கலாம். பொதுவாக 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால், புள்ளி இருந்த இடத்தில் சாயத்தையும் சிறிதளவு கதிரியக்க மருந்தையும் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். சென்டினல் நெறி சோதனை என்று பெயர். 1992-இல் டொனால்ட் மார்ட்டன் குழு அறிமுகப்படுத்தியது. அதில் நோய் இருந்தால் மீதி நெறிகளையும் வழித்தெடுப்பது முன்பு வழக்கம். அதனால் கால் யானைக்கால் மாதிரி வீங்கி வாழ்நாள் முழுக்கத் தொல்லை தரலாம். அப்படி எல்லாவற்றையும் எடுத்தாலும் ஆயுள் கூடுவதில்லை என்று 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் கண்காணித்தாலே போதும்.

இம்யூனோதெரபி என்கிறார்களே, அது என்ன?

2011-க்கு முன் நான்காம் நிலை மெலனோமா என்றால் பாதிப்பேர் ஒரு வருடம்கூட இருக்க மாட்டார்கள். டகார்பசின் என்ற கீமோதான் இருந்தது. அது பலன் கொடுத்தது கொஞ்சம் பேருக்குத்தான். அந்த நிலைமையை மாற்றியது இந்தச் சிகிச்சை.

நம் நோயெதிர்ப்பு செல்கள் வரம்பு மீறாமல் இருக்க அவற்றில் சில தடுப்புகள் உண்டு. புற்றுநோய் அந்தத் தடுப்புகளைத் தனக்குச் சாதகமாக அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. தடுப்பை விடுவிக்கும் மருந்து கொடுத்தால், நம் செல்களே நோயைத் தாக்கும். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட முற்றிய நோயாளிகளில் 43 சதவீதம் பேர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள் என்று 2024-இல் ஒரு ஆய்வு சொன்னது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அப்போது வயது 90. அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் என்று சிகிச்சை எடுத்தவர் 2024 டிசம்பரில், 100 வயது நிறைந்து, காலமானார்.

ஆனால் இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், வெயிலால் வந்த மெலனோமா உள்ளவர்கள். வெயில் ஜீன்களில் ஏராளமான பிழைகளை உண்டாக்கும். பிழைகள் அதிகமானால் நோயெதிர்ப்பு செல்களுக்கு அடையாளம் காண்பது சுலபம். உள்ளங்கால், வாய், ஆசனவாய் மெலனோமாக்களில் அந்தப் பிழைகள் குறைவு. அதனால் இவற்றுக்கு மருந்து கேட்கும் வாய்ப்பும் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை. கேட்டவர்களுக்கு நீடித்த பலன் கிடைக்கிறது. 43 என்ற எண்ணை மட்டும் அப்படியே நம் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முற்றியவர்களுக்கு மட்டுமல்ல, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நிலையின் ஆபத்தான பிரிவுக்கும் மூன்றாம் நிலைக்கும் திரும்ப வராமல் தடுக்க ஒரு வருடம் கொடுக்கிறார்கள். நெறி கட்டி வந்தவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே கொடுப்பது இன்னும் நல்லது என்று 2023-இலும் 2024-இலும் வந்த ஆய்வுகள் காட்டின. கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்து போனால், எதிர்ப்பு செல்கள் பழகிக்கொள்ள அதிக வாய்ப்பு கிடைக்கிறது என்பது விளக்கம். எனவே நெறி கட்டியிருந்தால் உடனே கத்திக்கு ஓடாமல், முதலில் மருந்துப் பிரிவுப் புற்றுநோய் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையில் சரியாகுமா?

சிலருக்கு உண்டு. பிராஃப் என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், டிரமெட்டினிப் ஆகிய இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். வேகமாகக் கேட்கும், ஆனால் பலருக்குக் காலப்போக்கில் பலன் குறையும். வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் பாதியளவில் இந்த மாற்றம் இருக்கிறது, ஏக்ரல் வகையில் வெகுவாகக் குறைவு. ஏக்ரல் வகையிலும் வாய், ஆசனவாய் வகைகளிலும் சிலருக்குக் கிட் என்ற ஜீனில் மாற்றம் இருக்கும். அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாடினிப் மாத்திரை கேட்கிறது. இந்தியாவில் அதற்கு மலிவான மாற்று மாத்திரைகள் கிடைக்கின்றன. அதன் புது வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 2013-இல் மறுத்துவிட்டது. ஜீன் சோதனை செய்யும்போது பிராஃபோடு கிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இம்யூனோதெரபியில் முடி கொட்டுமா? பக்கவிளைவு என்ன?

கீமோவில் கொட்டுவதுபோல் முடி கொட்டுவதில்லை. இதன் தொல்லை வேறு மாதிரி. விடுவிக்கப்பட்ட எதிர்ப்பு செல்கள் நம் உறுப்புகளையே தாக்கலாம். குடல் என்றால் வயிற்றுப்போக்கு, நுரையீரல் என்றால் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும், கல்லீரல் என்றால் மஞ்சள் காமாலை. தைராய்டு குறைவது அடிக்கடி நடக்கும். அரிதாகச் சர்க்கரை திடீரென்று ஏறும். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவற்றை ஸ்டீராய்டு கொடுத்துக் கட்டுப்படுத்தலாம். தைராய்டு போன்ற சுரப்பிகள் பழுதானால் தொடர்ந்து மாத்திரை வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக வயிற்றால் போனால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். சிகிச்சை எடுக்கும் மருத்துவமனைக்கு அன்றே போன் செய்யுங்கள். ராத்திரி எமர்ஜென்சிக்குப் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், "இம்யூனோதெரபி எடுக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கீமோ என்று சொன்னால் வேறு வைத்தியம் நடக்கும்.

சிலருக்குத் தோலில் வெண்புள்ளிகள் வரும். எதிர்ப்பு செல்கள் நல்ல மெலனோசைட்டுகளையும் தாக்குவதால் வருவது. தொற்றாது. மெலனோமாவில் இது மருந்து வேலை செய்வதோடு சேர்ந்து வரும் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது. உறவினர்கள் முகம் சுளித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆரம்ப நிலையில் ஆபரேஷனோடு முடிந்துவிடும். அரசு மருத்துவமனைகளிலும், சென்னை அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடங்களிலும் ஏழைகளுக்கும் கிடைக்கும் சிகிச்சை அது. இம்யூனோதெரபி மருந்துகள் ஒரு தவணைக்கே லட்சக்கணக்கில் போகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மருந்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்களும் உண்டு. மருத்துவரே விண்ணப்பம் அனுப்ப முடியும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாபைக் கொடுத்துப் பலன் கண்டதை 2022-இல் வெளியிட்டது. நம் நாட்டுக்கு மிகவும் தேவையான ஆராய்ச்சி. ஆனால் அது வேறு நோய். உங்கள் மருத்துவர் மெலனோமாவுக்குக் குறைந்த அளவு கொடுக்கலாம் என்றால், என்ன ஆதாரத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டை விற்பதா என்ற பேச்சு வருவதற்கு முன், இந்த மருந்து நம் வகை நோய்க்குக் கேட்கும் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை தவணைக்குப் பிறகு ஸ்கேன் பார்த்து முடிவெடுப்பீர்கள் என்ற இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, தேவைப்படுமா?

எல்லோருக்கும் இல்லை. மூளைக்குப் போன சிறு கட்டிகளுக்குக் குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யும். எலும்பு வலியைக் குறைக்கவும் உதவும்.

நாட்டு மருந்து, பத்தியம்?

மெலனோமாவை நாட்டு மருந்து குணமாக்கியதற்கு ஆதாரம் இல்லை. பத்தியமும் தேவையில்லை, முட்டை, மீன், பருப்பு என்று புரதம் நன்றாகச் சாப்பிடலாம். சிகிச்சையோடு சேர்த்து மூலிகை ஏதாவது எடுத்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கல்லீரல் சோதனை ஏறும்போது எதனால் என்று புரியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரும்.

நாங்களும் சன்ஸ்க்ரீன் பூச வேண்டுமா?

வெயிலில் தோல் கருகாமல் இருக்க, மங்கு கூடாமல் இருக்கப் பூசலாம். உள்ளங்கால் மெலனோமாவை அது தடுக்காது. மாதம் ஒருமுறை குளித்த பிறகு காலைத் திருப்பிப் பார்ப்பது நமக்கு அதைவிட உபயோகம். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லலாம். விரல் இடுக்கு, குதிகால், எல்லா நகங்களும்.

அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறோம். சரியா?

அன்பினால் வரும் எண்ணம்தான். ஆனால் இந்த நோயில் அது ஆபத்து. மூச்சிரைக்கிறது, வயிற்றால் போகிறது என்பதை அவர்தான் முதலில் உணர்வார். "சத்து ஊசி" என்று சொல்லி ஏற்றிய மருந்துக்கு இப்படி ஒரு பின்விளைவு உண்டு என்று தெரியாவிட்டால் அவர் சொல்ல மாட்டார். புதிதாக நெறி கட்டினாலும் கவனிக்க மாட்டார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேளுங்கள். எண்களைச் சொல்லத் தேவையில்லை. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும்?

முதல் இரண்டு ஆண்டுகளில் நோயின் நிலையைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடும். ஒவ்வொரு முறையும் தழும்பையும் அதைச் சுற்றிய தோலையும், தழும்புக்கும் நெறிக்கும் இடைப்பட்ட பகுதியையும், தொடை இடுக்கையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, சாக்ஸைக் கழற்றச் சொல்லாமல் அனுப்பினால், நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.